மண்டபத்துச் சுவரில் என் மகள் முகம்

நேற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க ஓர் ஆள் வந்திருந்தார். வாசலில் குந்தி உட்கார்ந்து டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தார், அவ்வளவுதான். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். செத்த நேரம் பொறுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, சரியாத்தான அடிக்கேன்? இப்படிப் பக்கத்துலயே உக்காந்து பாத்தா கை நடுங்குதுல்லா" என்றார். நான் அவர் வேலையைப் பார்க்கவில்லை, பாட்டிலை மோந்துகொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல? பேரன் பேத்தி எடுத்தவன் டர்பன்டைனை மோந்து கண் கலங்கினான் என்று தெருவில் பேச்சு வந்தால் நன்றாகவா இருக்கும்? எழுந்து உள்ளே போய், பேத்தியின் பழைய நோட்டில் பின்பக்கத்துத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பத்தாவது பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டவன் எழுதுகிற மடல் இது. எங்கேயாவது தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதே. நீ எழுதிய கடைப் போர்டுகளைப் பார்த்து நான் எத்தனை தடவை கண்டுகொள்ளாமல் போயிருக்கிறேன்!

நாம் பழக்கமானதே கேலிக்கூத்துதானே. மில்லில் மெஷின்களுக்கெல்லாம் நம்பர் எழுத உன்னைக் கூட்டி வந்திருந்தார்கள். நான் ஃபிட்டர். வேலை செய்த களைப்பில், நீ அப்போதுதான் எழுதி முடித்திருந்த பதினாலாம் நம்பர் மெஷினில் சாய்ந்து நின்றுவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரை முதுகில் பதினாலைத் திருப்பிப் போட்டபடி மில் முழுக்கச் சுற்றினேன். எல்லாரும் சிரிக்கிறார்களே, இன்றைக்கு நமக்கு நல்ல மரியாதை போலிருக்கிறது என்று நானும் பதிலுக்குச் சிரித்தேன். கேட்டில் வைத்து நீதான் சொன்னாய்: "ஏலே, உன்னையும் மெஷின் கணக்குல சேத்துட்டேன். தெனமும் எண்ணெய் போடச் சொல்லு."

அதற்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் மண்டப வேலை உனக்கு வந்தது. இராஜபாளையத்தின் அந்தப் பழைய நகர மண்டபம், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. தேக்கு உத்தரம், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கலர்க் கண்ணாடி ஜன்னல், கூரைக்குக் கீழே சுற்றிலும் யாரோ எப்போதோ வரைந்த மயில் வரிசை. ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி மயில்களில் பாதி தலையில்லாமல் போயின. எண்பதுகளின் நடுவில் மண்டபத்தைப் பழுது பார்த்தபோது, மயிலைச் சரிசெய்து, வெறுஞ்சுவர் மூன்றிலும் நம் பக்கத்துப் படம் மூன்று வரையலாம் என்று முடிவு செய்தார்கள். ஒன்றில் பருத்திக் காடு, ஒன்றில் மேற்கு மலை, நடுச் சுவரில் வில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர். மதுரையிலிருந்து பெரிய ஓவியர் ஒருவர் வந்தார். கட்டியிருந்த சாரத்தை அண்ணாந்து பார்த்தார். "எனக்குத் தலைச்சுற்றல் உண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அப்படித்தான் லாரிக்குப் பின்னால் ரோஜாப்பூவும், பேண்டேஜ் கம்பெனிகளுக்குப் போர்டும் எழுதிக்கொண்டிருந்த உனக்கு அந்தச் சுவர் கிடைத்தது.

நீ தினமும் காலை வில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாய். ஒரு நாளாவது பால்கோவா வாங்கி வந்திருப்பாயா? நான் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே மண்டபத்துக்கு வந்துவிடுவேன். சாரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் சாரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தேர்ப்படம் பாதி வளர்ந்ததும் ஆரம்பித்தது தொந்தரவு. மண்டபக் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, வடம் இழுக்கிற கூட்டத்தில் தங்கள் முகம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சாடையாகச் சொன்னார்கள். நீ எல்லாருக்கும் தலையாட்டினாய். கடைசியில் பார்த்தால், வடம் பிடித்த இருநூறு பேரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேரைப் பார்த்து நிற்கிறார்கள்! ஒருவர் கோபமாக வந்தார். "எங்கய்யா என் மூஞ்சி?" நீ பிரஷ்ஷை வாயில் கடித்தபடியே, "அய்யா, தாயார் தேர்ல நிக்கையில நீங்க இந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சா நல்லாவா இருக்கும்? அந்தா, மூணாவது வரிசை, அகலமான முதுகு, அது நீங்கதான்" என்றாய். மனுஷர் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஆமா, நான்தான்" என்று திருப்தியாகப் போனார். அதே முதுகை நீ இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு முகமே கொடுத்தாய். நீர்மோர்ப் பந்தலில் தேரைப் பார்க்காமல் மோர் குடித்துக்கொண்டிருக்கிற தொந்திக்காரன். "கூட்டத்துல ஒருத்தனுக்காவது தாகம் எடுக்கணும்லா" என்றாய்.

ஆனால் ஆண்டாள் முகம் மட்டும் உனக்குப் பிடிபடவில்லை. உங்கள் வீட்டார் கோயிலுக்குத் துளசி மாலை கட்டிக் கொடுக்கிறவர்கள். சிறு பிள்ளையிலிருந்து நீ பார்க்காத முகமா? அதுதான் உனக்கு இடைஞ்சல். "கோயில்ல இருக்கதைப் பாத்து எழுதுனா அது காலண்டர். அவ பொம்பளப்பிள்ளையா இருந்தப்ப எப்படி இருந்திருப்பா, அது வேணும்" என்பாய். மூன்று தடவை வரைந்தாய். மூன்று தடவையும் சினிமா பேனர் எழுதின பழக்கத்தில் கை எங்கேயோ போய்விட்டது. நீயே துடைத்துவிட்டாய். தேர் இருந்தது, பெருமாள் ரெங்கமன்னார் மாலையும் மீசையுமாக இருந்தார், பக்கத்தில் கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

ஒரு சனிக்கிழமை நான் சாப்பாட்டுத் தூக்கை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். என் மகள் சுமதி கொண்டுவந்தாள். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் கூந்தலை இடப்பக்கமாக அள்ளி முடிந்திருந்தாள். கலர்க் கண்ணாடி வழியாக வெயில் அவள் மேல் விழுந்தது. நான் தூக்கைத் திறந்து, தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சாரத்தின் மேலிருந்து கத்தினாய்.

"ஏட்டி, அசையாத!"

"என்ன மாமா, பல்லியா?"

"பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படியே நில்லு."

"மாமா, திங்கக்கெழமை எனக்குக் கணக்குப் பரீட்சை. நான் போறேன்."

"செத்த நேரம்டி."

"எம்புட்டு நேரம்?"

உன் கரிக்கட்டை சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் பரீட்சைக்குப் படிக்கப் போக வேண்டிய கோபத்தில் வாசலையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடித்ததும் கீழே இறங்கிவந்து என் தூக்கிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாய். "இதைத்தாம்லே தேடுனேன். எல்லாரும் அவளைச் சிரிக்கவே வைக்கானுக. வருவான் வருவான்னு காத்துக் கெடந்தவளுக்கு அவசரம் இருந்திருக்காதா? கோவம் இருந்திருக்காதா?"

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்? என் மகள்தான், ஆனால் என் மகள் இல்லை. உதடு இறுகி, கண் யாரையோ வாசலில் தேடிக்கொண்டு, இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்பேன், அதற்குமேல் நானே கிளம்பிப் போய்விடுவேன் என்பதுபோல. திறப்பு விழா முடிந்து பத்து நாளில், மண்டபத்துக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்ற ஆரம்பித்தார்கள். வரி கட்ட வந்த பெண்கள் சுவரடியில் பூ வைத்தார்கள். ஒரு அம்மா சூடம் ஏற்றப் போக, வாட்ச்மேன் ஓடிவந்து தடுத்தார். தடுத்துவிட்டு அவரும் ஒரு கும்பிடு போட்டார்.

நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாய். "யாரு முகம்னு வெளிய சொல்லாத. தெரிஞ்சா அது சாமியாவும் இருக்காது, பிள்ளையாவும் இருக்காது." நான் என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். நாலு நாள் தாங்கியது அந்தச் சத்தியம். ஐந்தாம் நாள் மில் கேன்டீனில், "மண்டபத்து ஆண்டாளைப் பார்த்தீகளா? யாருன்னு நெனைக்கீக?" என்று ஆரம்பித்தேன். அப்புறம் யார் நிறுத்த முடியும்? இரண்டாம் ஷிஃப்ட் வருவதற்குள் கூமாப்பட்டி வரைக்கும் போய்விட்டது செய்தி.

ஐந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை. சுமதிக்கு இருபது ஆனது. செட்டியார்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். பட்டாளத்தில் இருக்கிறார், லீவில் வந்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது காப்பித் தட்டை நீட்டிய சுமதி அவரை ஒரு தடவை பார்த்தாள். அவர் காப்பியை வேட்டியில் ஊற்றிக்கொண்டார். ஜாதகமும் பொருந்தியது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் கடிதம்கூட எழுதிக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்தோம்.

அப்போதுதான் மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்திருக்கிறார்கள். எழுத்து அட்டையை நடுச் சுவரில் மாட்டி, டாக்டர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார். நாலாவது கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அட்டைக்கு மேலே என் மகளும்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரவில்லை. "அண்ணே, பிள்ளையைக் கொறை சொல்ல வரல. தங்கமான பிள்ளை. ஆனா அவ ஏற்கெனவே பெருமாள் பக்கத்துல மாலையும் கழுத்துமா நிக்காளே. ஊரே பூப்போட்டுக் கும்பிடுது. எம்மகன் எல்லையில துப்பாக்கி பிடிச்சு நிக்கான். பெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டவளை அவனுக்குக் கட்டி, அவனுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் அழுவேன்?"

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பயம் நிஜப் பயம். சுமதி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு நாள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். என் வீட்டுக்காரி ஒரே வார்த்தை சொன்னாள்: "அந்த மனுசன் அன்னைக்கே சொன்னாரு, சொல்லாதன்னு. உங்க வாய்க்கு ஒரு பூட்டு இருந்திருந்தா எம்மக இன்னைக்குச் சிரிச்சுக்கிட்டு இருப்பா."

உன்னைத் தேடி வில்லிபுத்தூருக்கு வந்தேன். தேரடிக் கடையில் இரண்டு டீ குடிப்பதற்குள், அந்த அம்மா வந்து சொன்னதை மட்டும் சொல்லி முடித்தேன். நீயே எடுத்துக் கொடுத்தாய். "மூக்கை மாத்தவா, கண்ணை மாத்தவா?" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்றதும் உன் சிரிப்பும் நின்றது.

"முழுசாவே மாத்தணுமாலே?"

"அந்த அம்மா பாத்ததும் வேற முகம்னு தெரியணும்."

"சுமதிகிட்ட கேட்டியா?"

"அவ சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?"

டம்ளரின் அடியில் இருந்த டீயைத் தெருவில் ஊற்றினாய். "சரி, ஞாயித்துக்கெழமை வாரேன்" என்றாய். உன் வாழ்க்கையில் நீ வரைந்ததிலேயே உனக்குப் பிடித்த முகம் அது. இதை நீ சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பாயே, அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டேன். நீ இரண்டாவது தடவை என்னைக் கேட்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே போனோம். சாரம் ஏறினாய். முதலில் கைகூப்பினாய். பிறகு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாய். பார்க்க மனசில்லாமல், டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டேன். தூக்கில் டீயோடு திரும்பி வந்தபோது முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. நீ கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

வாசலில் செருப்புச் சத்தம். சுமதி. அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா! நாம் போன காரியத்தை என் வீட்டுக்காரி அவளிடம் சொல்லியிருக்கிறாள். இவள் யாரையும் கேட்காமல் பஸ் ஏறி செட்டியார்பட்டிக்குப் போய், நிச்சயம் ஆகாத வீட்டுக்குள் நுழைந்து, "அத்தை, நீங்க சொன்ன ஒரு சொல்லுக்காக எங்கப்பா சாமி முகத்தை அழிக்கப் போயிருக்காரு, வந்து தடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். பதினைந்து நிமிஷம் தாமதம்.

சுமதி சுவரைப் பார்த்தாள். என்னை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உன்னிடம்தான் வந்தாள்.

"எங்கப்பா சொன்னா செஞ்சிருவீகளா மாமா? என் மொகம்தான? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். தொந்தி மட்டும் தெரிந்திருக்கும்.

அந்த அம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "அய்யய்யோ, தாயார் மொகத்தை வெள்ளையடிச்சிட்டீகளே! கல்யாணம் வேண்டாம்னுதான சொன்னேன், சாமியை அழிங்கன்னா சொன்னேன்? இப்ப அந்தப் பாவம் எம்மகன் தலையிலல்லா வந்து விடியும்! வரைங்க. இந்தப் பிள்ளையையே நிப்பாட்டி முன்னால இருந்த மாதிரி வரைங்க!"

நீ மெதுவாகக் கேட்டாய். "வரையுதேன் மதினி. ஆனா இவளை வரைஞ்சா மறுபடியும் பெருமாள் பக்கத்துல நிப்பாளே. உங்க மகனுக்கு ஆகாதுல்லா?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். வெள்ளையாக இருந்த இடத்தைப் பார்த்தார்கள். சுமதியைப் பார்த்தார்கள், இவ்வளவு தூரம் தன் கையைப் பிடித்து இழுத்து வந்த பிள்ளையை.

"தாயார்கிட்ட நான் பேசிக்கிடுதேன். அவ பெரியவ. ஒரு மொகத்தை ரெண்டு பேரு வச்சுக்கிட்டா கோவிச்சுக்கிடவா போறா?"

அப்படித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. கோயிலிலிருந்து ஆண்டாள் சூடிய மாலையை வாங்கிவந்து அந்த அம்மாவே சுமதி கழுத்தில் போட்டார்கள். பின்னாளில், "என் மருமகதான் மண்டபத்துல இருக்கா" என்று ஊரெல்லாம் சொன்னது யார் தெரியுமா? நான் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது முகத்தை நீ வரைந்தது வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு, மாப்பிள்ளை லீவு முடிந்து போன வாரத்தில். சுமதி அதே ஜன்னல் வெயிலில் நின்றாள். நீ நாலு நாள் எடுத்துக்கொண்டாய். எல்லாரும் முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். நீ பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "முந்தி இருந்தது பரீட்சைக்குப் படிக்கப் போற அவசரம். இது வேற அவசரம்லே. இதுக்கு என் கை பத்தல." அதற்குப் பிறகு நீ மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்து நான் பார்க்கவில்லை. அந்த வழியாகப் பஸ் போகும்போது எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்காருவாய். நானும் கவனிக்காததுபோல் உன் பக்கத்தில் உட்காருவேன். ஒரு மன்னிப்பு கேட்க அந்த டவுன் பஸ்ஸில் எனக்கு எத்தனை வருஷம் கிடைத்தது! பஞ்சு விலையைப் பற்றிப் பேசினோம்.

சர்க்கரை வியாதி உன் கண்ணில் இறங்கிய பிறகு, ஞாயிறுதோறும் உன் வீட்டுக்கு வருவேன். ஒரு ஞாயிறு, உனக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, எப்படியோ சொல்லிவிட்டேன். "அந்த மொதல் முகத்தை அழிக்கச் சொன்னது என் தப்புலே. என் வாயால வந்தது, உன் கையால போச்சு."

நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். தூங்கிவிட்டாயோ என்று நினைத்தேன்.

"யாருலே அழிச்சா?" என்றாய். "மேல வெள்ளையத்தான் பூசுனேன். சொரண்டல."

எனக்கு ஒரு நிமிஷம் ஆனது, விளங்க. மெஷினுக்குப் பெயிண்ட் அடிக்கிற எங்களுக்கே தெரிந்த சங்கதி அது. பழைய ஆயில் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்காமல் மேலே பூசினால் அது ஒட்டாது. பத்து வருஷமோ இருபது வருஷமோ, என்றைக்கிருந்தாலும் மேல்பூச்சு உரிந்து, அடியில் இருப்பது வெளியே தெரியும். போர்டு எழுதுகிறபோதுகூட அந்தத் தப்பை நீ செய்தவன் இல்லை. நான் டீ வாங்கப் போன அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்தே செய்திருக்கிறாய்.

"அப்ப ரெண்டாவது முகம் போயிருமேலே."

"போகும். அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போயிருப்போம். நீ படி" என்றாய். படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்காதே.

சுமதிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை நல்ல சுகமாக இருக்கிறார்; வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிறார், பதினோரு மாதம் அவள் வாசலைப் பார்க்கிறாள். உள்ளே இருக்கிற முகத்தைப் பற்றி அவளிடம்கூட நான் சொல்லவில்லை. என் வயிற்றில் ஒரு செய்தி இத்தனை நாள் தங்கியிருக்கிறது என்றால் நீயே நம்பமாட்டாய்.

ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? வாரம் ஒரு தடவை மண்டபத்துக்குப் போகிறேன். போன வாரம் மேல் ஜன்னலைத் துடைக்க நடுச் சுவரோரம் ஏணி போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் டீக்குப் போன நேரம் பார்த்து, இந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். ஆண்டாளின் தாடையோரத்தில் நகக்கண் அளவுக்குப் பெயிண்ட் வெடித்து, லேசாகச் சுருண்டு நிற்கிறது. உள்ளே பழைய நிறம் ஒரு கீற்று தெரிகிறது. விரலை வைத்து இழுத்தால் போதும், வந்துவிடும். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாட்ச்மேன் வந்து சத்தம் போடும்வரை அங்கேயே நின்றேன்.